காத்திருந்தவர்களின் சாலை

டோவரின் வெள்ளைக் குன்றுகளைப் பற்றிக் கப்பல் பயணிகள் எழுதியது ஏராளம். அவற்றை வேலைக்குப் போகும் வழியாகப் பார்த்தவர்கள் எழுதியது குறைவு. லாரி ஓட்டியவர்களைச் சொல்கிறேன். குன்றின் உச்சியிலிருந்து ஜூபிலி வே என்ற பாலச்சாலை கடலை நோக்கி வளைந்து இறங்கி, கிழக்குத் துறைமுகத்தின் வாசலில் கொண்டு சேர்க்கிறது. அதை 1977இல் திறந்தார்கள். அதற்கு முன் ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு வண்டிகள் ஊருக்குள் புகுந்து, வீட்டு வாசல்களை உரசிக்கொண்டுதான் துறைமுகம் சேர வேண்டும்.

இந்த வழியை எனக்குக் காட்டியவர் கென்ட்டில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே லாரி ஓட்டியவர். நாங்கள் குடிவந்த புதிதில் என் தக்காளிச் செடிகள் காற்றில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, வேலியைத் தாண்டி வந்து கயிறு கட்டிக் கொடுத்தார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்ந்துவிடும். லாரிக்காரர்கள் சரக்கைக் கட்டப் போடும் டாலி முடிச்சு அது. எங்கள் பேச்சு அங்கே தொடங்கியது. பழைய பாதையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மே மாதத்தில் அவருடைய காரிலேயே கிளம்பினோம். சுங்கக்கட்டண நெடுஞ்சாலைகளைக் கூடியவரை தவிர்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டோம். ஸ்டியரிங்கை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

டோவரில் வண்டிகள் தாமே கப்பலில் ஏறி இறங்கும் மேடைகள் 1953இல் வந்தன. பிரிட்டன் 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. லாரிகள் அணிவகுக்கத் தொடங்கின. பெரியவர் அதற்கு அடுத்த ஆண்டு முதல் பயணம் போனார். அவருக்குக் கொடுத்தது அட்கின்சன் வண்டி, கார்ட்னர் எஞ்சின். எஞ்சின் சாகாது, ஆனால் ஓடாது என்பார். கேபினில் படுக்கை கிடையாது. இரவு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் முடங்கிக்கொள்ள வேண்டும். பிறகு வோல்வோ எஃப்88 கிடைத்தபோது, பின்னால் மெத்தையும் நன்றாக வேலை செய்யும் சூடேற்றியும் இருப்பதைப் பார்த்து, வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியை அழைத்து வந்து காட்டினாராம். சுவீடன்காரர்கள் ஓட்டுநரும் தூங்குவான் என்று நினைத்து வண்டி செய்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகள் அப்படி நினைக்கவில்லை. ஸ்காண்டிநேவிய லாரிகளுக்கு முன்னால் பிரிட்டிஷ் லாரித் தொழில் மங்கிப்போனதற்குப் பொருளாதாரக் காரணங்கள் பல உண்டு. அந்தப் பலகையையும் நான் அவற்றோடு சேர்ப்பேன்.

கப்பலில் சரக்கு ஓட்டுநர்களுக்குத் தனிக் கூடம் உண்டு. சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம். நாங்கள் சாதாரணப் பயணிகள் என்பதால் அதன் கதவுவரைதான் போக முடிந்தது. பெரியவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஆட்கள் தனித்தனி மேசைகளில், தனித்தனிக் கைப்பேசிகளோடு இருந்தார்கள்.

1987 மார்ச் 6 அன்று ஜீப்ரக்கிலிருந்து டோவருக்குக் கிளம்பிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற கப்பல், வண்டிகள் ஏறும் முன்கதவை மூடாமலே துறைமுகத்தைவிட்டு வெளியே வந்தது. தண்ணீர் வண்டித் தளத்தில் புகுந்து, இரண்டு நிமிடத்துக்குள் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் தூங்கிப்போயிருந்தார். மூடியாயிற்றா என்று தெரிந்துகொள்ள மேல்தளத்தில் ஒரு விளக்குகூட இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த விளக்கு கட்டாயமாயிற்று. அதே கப்பலில் பெரியவர் பலமுறை போயிருக்கிறார். கலே நெருங்கி, வண்டித் தளத்துக்கு இறங்கச் சொல்லி அழைப்பு வந்தபோது, அவர் படிக்கட்டில் நின்று முன்கதவு இருக்கும் திசையைப் பார்த்துவிட்டுத்தான் காருக்குள் ஏறினார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலான பழக்கம்.

கலே துறைமுகத்தைச் சுற்றி உயரமான கம்பிவேலி, அதன்மேல் முள்சுருள், கேமராக்கள். இங்கே ஒரு கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து டிரெய்லருக்கு மரப்பலகைப் பக்கங்கள், மேலே இரும்புச் சட்டங்கள், அதன்மேல் தார்ப்பாய். தார்ப்பாயின் விளிம்பு நெடுக ஓட்டைகள். வண்டியின் பக்கத்தில் இரும்பு வளையங்கள். ஓட்டையை வளையத்தில் மாட்டி, எல்லா வளையங்களின் வழியாகவும் ஒரே கயிற்றைக் கோத்துக்கொண்டே வண்டியை முழுச் சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் பின்பக்கம் சேர்க்க வேண்டும். அங்கே சுங்க அதிகாரி ஈய முத்திரை அடிப்பார். கயிற்றின் உள்ளே எஃகுக் கம்பி, வெளியே பிளாஸ்டிக் உறை. குளிரில் விறைத்துவிடும். பெரியவருடைய வலது ஆள்காட்டி விரலின் நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. ஒரு ஜனவரி இரவில் அந்தக் கயிற்றோடு மல்லுக்கட்டியதில் பிய்ந்தது.

முத்திரை விழுந்த வண்டியை வழியிலிருக்கும் நாடுகள் திறந்து பார்ப்பதில்லை. முத்திரை உடையவில்லை, கயிறு அறுபடவில்லை என்று பார்த்து, கார்னே என்ற புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு, அடிக்கட்டையில் ஸ்டாம்ப் வைத்து அனுப்பிவிடுவார்கள். லாரிகளின் நெற்றியில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் டி.ஐ.ஆர். என்று பார்த்திருப்பீர்கள். 1959இல் ஜெனீவாவில் போட்டு, 1975இல் திருத்திய அந்த உடன்படிக்கையின் அடையாளம் அது. ஒருவரையொருவர் நம்பாத நாடுகள் ஒரு கயிற்றை நம்புவதென்று முடிவு செய்தன. போருக்குப் பிந்தைய ஐரோப்பா செய்துகொண்ட ஏற்பாடுகளில் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பின்னாளில் அதே தார்ப்பாயைக் கத்தியால் கிழித்து மனிதர்கள் உள்ளே ஏறினார்கள். 2000ஆம் ஆண்டு ஜூனில் தக்காளி லாரி ஒன்றுக்குள் 58 சீனர்கள் மூச்சுத் திணறி இறந்துகிடந்ததை டோவரில் கண்டுபிடித்தார்கள். 2019 அக்டோபரில் எசெக்ஸில் குளிர்பதன டிரெய்லர் ஒன்றில் 39 வியட்நாமியர்கள். தமிழர்களும் இந்தக் கணக்கில் உண்டு. 1995இல் ஹங்கேரியின் ஜியோர் நகருக்கு அருகே, பூட்டிய டிரெய்லர் ஒன்றுக்குள் 18 இலங்கைத் தமிழர்கள் மூச்சடைத்து இறந்துகிடந்தார்கள். லண்டனிலும் பாரிசிலும் இன்று கடை வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர் இந்த மாதிரி இருட்டுக்குள் இருந்துதான் வெளியே வந்தார்கள். அதை அவர்கள் விரிவாகப் பேசுவதில்லை.

ஒளிந்து வரும் ஆள் ஒருவருக்கு 2,000 பவுண்டு என்று 2000இல் பிரிட்டன் லாரிக்காரர்களுக்கு அபராதம் கொண்டுவந்தது. 2023இல் அது 10,000 பவுண்டுவரை ஏறியது. லாரிக்காரர் இப்போது கலேக்கு நெடுந்தொலைவு முன்பே எரிபொருளுக்கும் ஓய்வுக்கும் நிற்பதை முடித்துக்கொள்கிறார். கடைசி நூறு மைல் எங்கேயும் நிற்பதில்லை. "எங்கள் காலத்தில் கலேதான் முதல் காபி" என்றார் பெரியவர். நாங்களும் அங்கே நிற்காமல் சென்ட்-ஓமேர் சாலையைப் பிடித்தோம்.

கலேயிலிருந்து ரீம்ஸ் வழியாகத் தெற்கே போகும் ஏ26 நெடுஞ்சாலைக்கு ஆங்கிலேயர் நெடுஞ்சாலை என்று பிரான்சில் பட்டப்பெயர் உண்டு. அது வருவதற்கு முன் எல்லாம் தேசியச் சாலைகள்தான். அராஸ், கம்ப்ரே, சென்-காந்தான், லான், ரீம்ஸ். இரண்டு பக்கமும் பிளேன் மரங்கள், நடுவே மூன்று வண்டி அகலம்கூட இல்லாத பாதை. பிரிட்டிஷ் லாரியில் ஸ்டியரிங் வலது பக்கம். அதாவது பிரான்சில் ஓட்டுநர் மரத்தின் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகும் டிராக்டரைத் தாண்டி எதிரே என்ன வருகிறதென்று அவருக்குத் தெரியாது. ஆகவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவார்கள். முன்னால் போகிறவர் விளக்கைச் சிமிட்டினால் பாதை காலி. முந்தியவரின் வால் முழுதாகக் கடந்துவிட்டது என்று பின்னால் இருப்பவர் ஒளிர்த்துக் காட்டுவார். முந்தியவர் இடம், வலம் என்று விளக்கைப் போட்டு நன்றி சொல்வார். முகம் பார்த்திராத ஆளின் கண்ணை நம்பி முப்பது டன் வண்டியை எதிர்த்தடத்தில் இறக்குவது என்றால் என்ன என்பதை, அந்த மரவரிசைக்குள் போகும்போதுதான் நான் புரிந்துகொண்டேன்.

அன்றைய இரவுகளின் நிறம் மஞ்சள் என்றார் பெரியவர். பிரான்சில் 1993வரை வண்டிகளின் முகப்பு விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். மழையில் மஞ்சள், மூடுபனியில் மஞ்சள். எதிரே வெள்ளை வெளிச்சம் வந்தால் நம் ஊர்க்காரன் வருகிறான் என்று தெரிந்துவிடும், ஹாரனைத் தொடுவார்கள்.

வழி நெடுக வெள்ளைக் கற்கள் நிரம்பிய போர்க் கல்லறைகள். அராஸைச் சுற்றி அவை இல்லாத திருப்பமே இல்லை.

லான் நகரம் சமவெளிக்கு நடுவே திடீரென்று எழும் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. கதீட்ரல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டு நாள் தள்ளியே அது நமக்கு முன்னால் நடந்துவருவதாகப் பெரியவர் சொல்வார். கார்ட்னர் எஞ்சின் காலத்துக் கணக்கு அது. பலமுறை அதன் அடியில் போயிருந்தும் அவர் மேலே ஏறியதில்லை. முப்பத்தெட்டு அடி டிரெய்லரை அந்தத் தெருக்களில் திருப்ப முடியாது. இந்த முறை ஏறினோம்.

கோபுரங்களின் உச்சியில், தூண்களுக்கு நடுவே, எருதுகள் எட்டிப் பார்க்கின்றன. பதினாறு கல் எருதுகள். கழுத்தை நீட்டி, கொம்பை முன்னுக்குத் தள்ளி, கீழே சமவெளியைப் பார்க்கின்றன. கட்டடத்துக்கான கல்லையெல்லாம் குன்றின்மேல் இழுத்துவந்த மாடுகளுக்கு நன்றியாக அவற்றை வைத்தார்கள் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்வது. புனிதர்களுக்கும் அரசர்களுக்கும் சிலை இல்லாத கதீட்ரல் கிடையாது. பாரம் இழுத்தவர்களை இவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்த இன்னொரு கோயிலை நான் பார்த்ததில்லை. பெரியவர் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு, சரக்கு ஏற்றி இறக்கிய இடங்களில் தன்னை நாற்காலியில் உட்காரச் சொன்னவர்களை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்து சொன்னார். இத்தாலியில் பார்மா அருகே ஒரு ஓடு தொழிற்சாலையில் காவலாளியின் மனைவி. போர்தெனோனேயில் குளிர்சாதனப் பெட்டிகள் ஏற்றும் மேடையில் ஒரு கணக்கர். பட்டியல் நீளமாக இல்லை.

சென்-திசியே தாண்டி ஒரு ரூத்தியே உணவகத்தில் மதியச் சாப்பாடு. வாசலில் சிவப்பும் நீலமுமான வட்டப் பலகை. 1934இல் பிரான்சுவா த சோலியே என்பவர் ஓட்டுநர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கி, நியாயமான விலைக்கு நல்ல சாப்பாடு போடும் சாலையோரக் கடைகளைத் தேர்ந்து இந்தப் பலகையைக் கொடுக்க ஆரம்பித்தார். அதுவே பெரிய இயக்கமாகியது.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. கூடம் பாதி நிரம்பிவிட்டது. நீண்ட மேசைகள், அவற்றின்மேல் வெள்ளைத் தாள் விரிப்பு. தனியாகப் போய் மூலையில் உட்கார முடியாது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் அங்கேதான் உட்கார வேண்டும். உட்காருமுன் மேசையிலிருப்பவர்களுக்கெல்லாம் கைகொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள். முதலில் எழுந்துபோய் நாமே எடுத்துக்கொள்ளும் பதார்த்தங்கள்: துருவிய காரட், பீட்ரூட், மயோனீஸ் போட்ட முட்டை, சாஸில் பிசறிய செலரிக் கிழங்கு. பிறகு அன்றைய சமையல், வெள்ளைக் குழம்பில் வேகவைத்த கன்றுக்கறியும் சோறும். எனக்கு மீன் கிடைத்தது. அதற்கப்புறம் பாலாடைக்கட்டித் தட்டு மேசை மேசையாக நகர்ந்து வந்தது. ஒவ்வொருவரும் வேண்டிய அளவு வெட்டிக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளினார்கள். ஒரே கத்திதான் தொடக்கம் முதல் முடிவுவரை. ரொட்டித் துண்டால் அதைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போக வேண்டும். பெரியவர் அதை யோசிக்காமலே செய்தார். காபியை மட்டும் எழுந்துபோய் முன்மேசையில் நின்று குடித்தோம். குளிக்கும் அறைச் சாவி அங்கே ஆணியில் தொங்கியது.

எழுபதுகளில் மேசைக்கு மேசை சிவப்பு ஒயின் குடுவை இருக்கும், விலை சாப்பாட்டோடு சேர்ந்தது. இப்போது பெரும்பாலும் தண்ணீர்தான், அது நல்லதுதான். ஆனால் கடைகளே குறைந்துவிட்டன. நெடுஞ்சாலைகள் ஊர்களைச் சுற்றிப் போய்விட்டன. ஓட்டுநரின் நேரமும் சுருங்கிவிட்டது.

நேரத்தைச் சுருக்கியது டாக்கோகிராஃப். வேகமானியின் பின்னால் ஒரு மெழுகுத் தாள் வட்டு. வண்டி ஓடிய நேரம், நின்ற நேரம், வேகம் எல்லாவற்றையும் ஊசி அதில் கீறும். ஐரோப்பியச் சமூகம் 1970இல் விதித்ததை பிரிட்டன் செய்ய மறுத்தது. 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் கண்டித்த பிறகே இறங்கிவந்தது. கேபினுக்குள் ஒற்றன் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. பெரியவரும் அன்று எதிர்த்துக் கொடி பிடித்தவர்தான். அதற்குமுன் எழுதிய ஓட்ட நேரப் புத்தகங்கள் முழுக் கற்பனை என்பதை அவரே சொல்கிறார். முதலாளி கேட்டால் நாற்பது மணி நேரம் தூங்காமல் ஓட்டிவிட்டு, புத்தகத்தில் தூங்கியதாக எழுத வேண்டியதுதான். இன்று நாலரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. இது உயிர் காக்கும் சட்டம். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடிகாரம் முடிகிற இடத்தில் சாப்பாடும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று அதே கண்டிப்போடு யாரும் சட்டம் எழுதவில்லை.

அன்று மாலை லாங்கர் அருகே ஒரு நிறுத்துமிடத்தில் ருமேனிய ஓட்டுநர் ஒருவர் டிரெய்லரின் பக்கப் பெட்டியைத் திறந்து, அதன் மூடியையே மேடையாக்கி, சின்ன காஸ் அடுப்பில் மிளகாயும் பன்றிக் கொழுப்பும் வதக்கிக்கொண்டிருந்தார். வீட்டைவிட்டு வந்து எட்டு வாரமாயிற்றாம். வாரத்தின் நீண்ட ஓய்வை, அதாவது 45 மணி நேரத்தை, கேபினுக்குள் கழிக்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே கேபினைக் காட்டி, அதுதான் தன் ஹோட்டல் என்றார். 2023இல் ஜெர்மனியின் கிரேஃபென்ஹவுசன் நிறுத்துமிடத்தில் ஜார்ஜியாவிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வந்த ஓட்டுநர்கள் சம்பள பாக்கிக்காக வாரக்கணக்கில் வண்டிகளை நிறுத்திவைத்துப் போராடி, பணத்தை வாங்கினார்கள். அதைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பெரியவரும் அவரும் பொது மொழி இல்லாமலே அரை மணி நேரம் பேசினார்கள். ஊர்ப் பெயர்கள் போதுமாக இருந்தன. நான்துவா என்பார் ஒருவர். மற்றவர் கையால் செங்குத்தான பாறையைக் காட்டுவார்.

மறுநாள் நாங்களே நான்துவா போனோம். ஏரிக்கும் பாறைக்கும் நடுவே ஊர். அவற்றுக்கு இடையில்தான் பழைய சாலை. மேலே, வானத்தில், தூண்களின்மேல் ஏ40 ஓடுகிறது. லாரிகள் எல்லாம் இப்போது அங்கே. கீழே ஏரிக்கரையில் ஒரு குடும்பம் வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஊருக்கு இது விடுதலை என்பதை மறுக்க முடியாது.

மோன் பிளான் சுரங்கப்பாதை 1965இல் திறந்தது, 11.6 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து ஷமோனிவரை ஏறும் சாலையில் குளிர்காலத்தில் டீசல் மெழுகுபோல உறைந்துவிடும் என்று பெரியவர் சொல்லியிருந்தார்; எண்ணெய்த் துணியைக் கொளுத்தி டாங்கின் அடியில் காட்டி உருக்குவார்களாம். நாங்கள் போனபோது மே மாதம், சாலையோரம் பூக்கள். சுரங்க வாசலில் அவர் பேச்சு நின்றுவிட்டது.

1999 மார்ச் 24 காலை, மாவும் மார்ஜரினும் ஏற்றிய பெல்ஜிய லாரி ஒன்று இதற்குள் தீப்பிடித்தது. உருகிய மார்ஜரின் எண்ணெயாக ஓடி எரிந்தது. 39 பேர் இறந்தார்கள். பலர் லாரி ஓட்டுநர்கள், சிலர் கேபினைவிட்டு இறங்கவே இல்லை. தீ அடங்க இரண்டு நாளுக்கு மேலாயிற்று. பியர்லூச்சோ தினாத்ஸி என்ற இத்தாலியப் பாதுகாப்புப் பணியாளர் மோட்டார் சைக்கிளில் புகைக்குள் போய், திரும்பாமலே இறந்தார். மூன்று வருஷம் சுரங்கம் மூடிக் கிடந்தது. இன்று வண்டிக்கும் வண்டிக்கும் 150 மீட்டர் இடைவெளி விட வேண்டும். வழிநெடுகப் புகலிட அறைகளும், அவற்றிலிருந்து தப்பிக்க வழியும் இருக்கின்றன. இடைவெளியைக் காட்டும் நீல விளக்குகளை எண்ணியபடி பெரியவர் ஓட்டினார். தீப்பிடித்த அந்த ஆண்டில் அவருடைய தொழில் இங்கிலாந்துக்குள் சுருங்கியிருந்தது. மார்ச் 24ஆம் தேதி முழுக்க, பழைய கூட்டாளிகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்துகொண்டிருந்தாராம்.

மலைக்கு அந்தப்புறம் ஆவோஸ்தா. பிரிட்டிஷ் ஓட்டுநர்களின் நினைவில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. காரணம் அதன் ரோமானிய வளைவோ மலைக்காட்சியோ அல்ல. ஊருக்கு வெளியே இருந்த சுங்க வளாகம். ஆட்டோபோர்ட்டோ என்பார்கள். பிரான்ஸ் வழியாக இத்தாலிக்குள் வரும் லாரிகள் இங்கே நின்று, காகிதங்களை முகவரிடம் கொடுத்து, முத்திரையை உடைத்து, வரி முடிந்த பிறகுதான் கிளம்ப முடியும். வெள்ளி மாலை வந்து சேர்ந்தால் திங்கள்வரை கிடக்க வேண்டும். பண்டிகை குறுக்கே வந்தால் இன்னும் நாளாகும். ஒரு எழுத்து தவறினால் படிவத்தை மாற்ற இங்கிலாந்துக்குத் தந்தி போக வேண்டும்.

அந்த வளாகத்தில் நின்று பெரியவர் கையால் இடங்களைக் காட்டினார். இங்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் நிற்பார்கள், அங்கே டச்சுக்காரர்கள், வேலியோரம் யூகோஸ்லாவியர்கள். சனிக்கிழமை எல்லாரும் கையிலிருப்பதைக் கொண்டுவருவார்கள். துருக்கியர் தேநீர் போடுவார், டேனிஷ்காரர் பன்றி இறைச்சி டின் திறப்பார், யூகோஸ்லாவியர் பிளம் சாராயம். முகவர் அலுவலகத்து எழுத்தர் ஒருவர் ஸ்கோப்பா சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்தார். பெரியவரின் இத்தாலிய மொழி முழுக்க அந்தச் சீட்டுக்கட்டிலிருந்து வந்தது. சட்டை துவைத்துக் கயிற்றில் காயப்போடுவார்கள். முத்திரை போடும் கயிறுதான், இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே கட்டியது.

இதை இனிமையாக மட்டும் சொல்வது நியாயமாகாது. காத்திருந்த நாட்களுக்குப் பல முதலாளிகள் கூலி கொடுக்கவில்லை. பெரியவரின் மகள் பள்ளியில் சேர்ந்த நாள் அவர் இந்த வேலிக்குள் இருந்தார். மகள் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுவதுண்டு. ஆனாலும் இங்கே குடிதண்ணீர் இருந்தது, கழிப்பறை இருந்தது, சாப்பாட்டுக் கடை இருந்தது, பேச ஆள் இருந்தது. 1993 ஜனவரி 1 அன்று ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தை வந்து, உள் எல்லைகளில் சுங்கச் சோதனை நின்றது. லாரி நிற்காமல் போயிற்று. "அதற்குப் பிறகு வேலையில் எனக்கு ஒரு புதிய சிநேகிதன்கூடக் கிடைக்கவில்லை" என்றார்.

பள்ளத்தாக்கில் இன்னும் கீழே தொன்னாஸ் என்ற ஊர். ரோமானியர் பாறையையே வெட்டிப் போட்ட சாலை அங்கே இருநூறு மீட்டருக்குமேல் மிச்சமிருக்கிறது. பாறையிலேயே குடைந்த வளைவு ஒன்று, மைல்கல் ஒன்று. தரையில் வண்டிச் சக்கரங்கள் அரைத்த தடம், என் கணுக்கால் அளவு ஆழம். காலியா எல்லையைக் கடக்கும் சரக்குக்கு ரோம் நாற்பதில் ஒரு பங்கு வரி வசூலித்தது. அந்த வண்டிக்காரர்களும் இந்த மலைகளில் எங்கேயோ காகிதம் காட்டிக் காத்திருந்தவர்கள்தான். பெரியவர் தடங்களுக்கு நடுவே அடி வைத்து அச்சு அகலத்தை அளந்தார்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதும் எல்லை திரும்ப வந்துவிட்டது. 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே மறுபடி சுங்கக் காகிதம், முத்திரை, காத்திருப்பு. அதற்குப் பத்து நாள் முன்பு, கொரோனாவுக்காக பிரான்ஸ் எல்லையை மூடியபோது, ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் கென்ட்டின் எம்20 சாலையிலும் மான்ஸ்டன் விமானத்தளத்திலும் கிறிஸ்துமஸுக்கு அடைபட்டுக் கிடந்தார்கள். கிரேவ்சென்ட் குருத்வாராவில் சமைத்து, கால்சா எய்ட் தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுத்த சூடான சாப்பாடுதான் பலருக்கு அன்று கிடைத்தது. உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றின் பிரதான சாலையில் நடந்தது இது. மறு ஆண்டே ஒரு லட்சம் ஓட்டுநர்கள் போதவில்லை என்று பிரிட்டனின் லாரி உரிமையாளர் சங்கம் கணக்குச் சொன்னது. தற்காலிக விசா தருகிறோம் என்று அரசு அழைத்தும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் சொற்பம். வந்தால் எங்கே தூங்குவது, எங்கே குளிப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

கென்ட்டில் ஸ்டான்ஃபோர்ட் வெஸ்ட் என்ற இடத்தில் 3,600 லாரிகள் நிற்கும் வளாகம் கட்ட 2015இல் அரசு 25 கோடி பவுண்டு ஒதுக்கியது. உள்ளூர் எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் வந்து, 2017 நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். எங்கள் தெருவிலும் ஒரு லாரி நிறுத்துமிடத்துக்கு எதிராக ஆட்சேப மனு சுற்றிவந்தது. சத்தம், புகை, வீட்டு விலை என்று காரணங்கள் எழுதியிருந்தார்கள். மனுவைக் கொண்டுவந்தவர் பெரியவரின் கதவையும் தட்டினார். அவர் உள்ளே கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, ஒரு மணி நேரம் ஆவோஸ்தாவைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். கையெழுத்துப் போடவில்லை. பிரிட்டனில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு நான் கேட்பதும் இதுதான்: அந்த மாதிரி மனு உங்கள் வாசலுக்கு வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள், நிறுத்துமிடம் வேண்டும், கழிப்பறையும் குளியலறையும் சாப்பாட்டுக் கூடமும் சேர்த்துக் கட்டுங்கள் என்று கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.